கருவைத் தடுத்தலும் கருவை அழித்தலும்

மக்கட்பேறு இல்லறத்தின் பயன்களுள் ஒன்றென்பது நம் முன்னோர் யாவர்க்கும் உடன்பாடு. அப்பேற்றை விரும்புவோர் விரதம் நோற்றலும், தலயாத்திரை செய்தலும், மருந்துண்டலும் உலகமறிந்தவை. ஆயின், அப்பேறு இப்பொழுது வேண்டாமென்றோ இனி வேண்டாமென்றோ கருதினாரும் எக்காலத்தும் இருந்தனர். அவர் யாது செய்தனர்? அச்செயல் அறமா, பாவமா? பாவமாயின், எது பற்றிப் பாவம்? இவ்வினாக்களை வெளிப்பட ஆராய்வார் நம்முள்ளே சிலரே. பலர் இவ்விஷயத்தைப் பேசுதலே இழிவென்று வாளா இருப்பர்.

பேசுவாரும் இருதிறப்பட்டு நிற்கின்றனர். ஒருசாரார், “கருத்தடை என்பது மேனாட்டு வைத்தியத்தோடு நேற்று வந்த புதுமை, நம் பாட்டன் பாட்டியர் இதனை அறியார், ஆதலினாலே அவர் ஒழுக்கஞ் சிறந்திருந்தது” என்பர். மற்றொருசாரார், “பழையோர் கைகண்ட மூலிகைகள் பல வைத்திருந்தனர், அவை தீங்கின்றிப் பயன் தந்தன, நாம் அவற்றை இழந்துவிட்டோம்” என்பர். இவ்விரு கூற்றும் உண்மைக்குப் புறம்பானவை. அவற்றின் பிழையை அறிதல் மேலே கூறிய அறவினாவுக்கு விடை காண்டற்குத் துணையாம் என்பதை இக்கட்டுரையிலே காட்டுவாம்.

இதனை எழுத யாம் துணிந்தமைக்கு ஒரு காரணமுண்டு. ஆசிரியத் தொழிலிலே யாம் புகுந்த சில ஆண்டினுள், எம் வகுப்பிலே பயின்ற ஒரு சிறுவன் பதினைந்து நாள் பள்ளிக்கு வந்திலன். வந்த அன்று தலை மழித்திருந்தான். அவனுக்கு இளையோர் நால்வரும் பெண்கள். அவன் தாய் ஆறாம் முறை கருவுற்றாள். கூலித்தொழில் செய்யுங் கணவனுக்கு அதனைச் சொல்லாது, அயலிலே ஒருத்தி கொடுத்த மருந்தை இரகசியமாக உண்டாள். மூன்றாம் நாள் இறந்தாள். ஆசிரியர் அறையிலே இச்செய்தி பேசப்பட்டபொழுது, “செய்த பாவத்தின் பலன்” என்று ஒருவர் கூற, யாமும் தலையசைத்தேம். மிஷன் பாடசாலையிலே யாம் கேட்ட உபதேசமும் வீட்டிலே கேட்ட உபதேசமும் அவ்வொரு விஷயத்திலே ஒத்திருந்தன. ஆதலின் அத்தலையசைப்பு அன்று எமக்கு எளிதாயிருந்தது. பின்னர் வரலாற்று நூல்களை வாசிக்குந்தோறும் அது எளிதன்றாயிற்று.

அவ்வரலாற்றைச் சுருக்கிக் கூறுவாம். மருத்துவ நூலார் சொல்லும் முறையே யாமும் சொல்வேம். உடம்பை இறைவன் தந்த கருவியென்று கொள்வார்க்கு அதன் இயல்பைச் சொல்லுதல் நாணத்தக்க செயலன்று.

நாம் அறியக்கிடக்குஞ் சான்றுகளுள் மிகப் பழையன எகிப்து தேசத்தன. 1889-ஆம் ஆண்டிலே பிளிண்டர்ஸ் பேட்ரி என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் அத்தேசத்து லாகூன் என்னுமிடத்திலே அகழ்ந்தெடுத்த நாணற்றாள் ஏடுகளுள் ஒன்று மகளிர் நோய்களைப் பற்றியது. இற்றைக்கு ஏறத்தாழ 3,800 ஆண்டின் முன் எழுதப்பட்ட அவ்வேட்டிலே, கருவுறாதிருத்தற்குரிய உபாயங்கள் சில சொல்லப்பட்டன. தேனையும் ஒருவகைக் காரவுப்பையும் உள்ளே இடுதல் ஒன்று. முதலையின் எருவைப் பிசைந்து இடுதல் மற்றொன்று. கி.மு. 1550 அளவினதாகிய ஏபர்ஸ் ஏடு, வேலமரத்தின் பகுதியையும் பேரீச்சம்பழத்தையும் தேனோடு அரைத்து நாரிலே தோய்த்து வைக்கும்படி கூறும். தேனும் பிசினும் ஓரளவு தடையாயிருந்திருத்தல் கூடும். முதலையெருவைக் குறித்து நகைப்பார் நகைக்க. ஆயினும், அதற்கும் உடம்பட்ட ஒரு பெண்ணின் அச்சம் எத்துணைப் பெரிதாயிருந்திருத்தல் வேண்டும் என்பதையும் அவர் எண்ணுக. கருத்தடை நேற்று வந்த புதுமை என்னுங் கூற்று இவ்வேடுகளாலேயே மறுக்கப்படுகின்றது.

யவன தேசத்து ஞானியாகிய அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் பிராணிகளின் வரலாறு என்னும் நூலிலே, கருப்பையின் வாயிலே கேதாரு மரத்தின் எண்ணெயையோ, ஈயக் களிம்பையோ, ஒலிவ எண்ணெயிலே குழைத்த குந்துருக்கத்தையோ பூசுவார் உளர் என்னுஞ் செய்தி காணப்படுகின்றது. ஈயம் உடம்புக்கு நஞ்சென்பது இன்று யாவரும் அறிந்தது. அக்காலத்துப் பெண்கள் அறிந்திலர்.

இனி, இழந்துபோன மூலிகை என்று பலராற் புகழப்படுவது சில்பியம். வட ஆபிரிக்காவிலே, இன்று லிபியா எனப்படும் நாட்டின் கரையிலிருந்த சைரீன் நகரத்தார் இச்செடியினாலே பெருஞ்செல்வம் எய்தினர். தம் நாணயங்களிலும் அதன் வடிவத்தைப் பொறித்தனர். கி.பி. 1-ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த பிளினி என்னும் ரோம நூலாசிரியர், தம் காலத்திலே ஒரேயொரு தண்டு மாத்திரம் அகப்பட்டதென்றும் அது நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டதென்றும் எழுதினர். கருத்தடைக்காகவே பறித்துப் பறித்து அதனை அழித்தனர் என்று இக்காலத்திலே சிலர் கூறுவர். அச்செடி பெரும்பாலும் உணவுக்குச் சுவையூட்டவும் பல நோய்க்கு மருந்தாகவும் பயன்பட்டது. அது அருகியமைக்குப் பிளினி கூறுங் காரணம் கால்நடைகளை அந்நிலங்களிலே மேயவிட்டமையே. அது தீங்கின்றிக் கருவைத் தடுத்ததென்று துணிதற்கு இன்று நமக்கு இடமில்லை. செடியே இல்லாதபொழுது சோதிப்பது எங்ஙனம்?

இத்துறையிலே பழையோருள் தலைமைபெற்றவர் சொரானுஸ் என்னும் வைத்தியர். எபேசு நகரிற் பிறந்து, கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ரோமாபுரியில் வைத்தியஞ் செய்த இவர், மகளிர் மருத்துவத்தைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். கருவுறாமல் தடுப்பது வேறு, உற்ற கருவை அழிப்பது வேறு என்று இவர் அந்நூலிலே தெளிவாகப் பிரித்தார். அக்கால வைத்தியருள் ஒருசாரார், ஹிப்போகிராத்தீசின் பிரதிக்கினையை எடுத்துக்காட்டிக் கருவழிக்கும் மருந்தை எவர்க்குங் கொடேம் என்றனர். மற்றொருசாரார், ஆராய்ந்து கொடுப்பர். பிறர்மனை சேர்ந்தமையை மறைத்தற்கும் அழகு குன்றாதிருத்தற்கும் கொடார். பிரசவத்திலே உயிர்க்கு இடையூறு நேருமென்று கண்டவிடத்துக் கொடுப்பர். சொரானுஸ் பின்னவர் பக்கஞ் சார்ந்து, ஆயினும் அழித்தலினும் தடுத்தலே சாலச் சிறந்தது, அதுவே ஆபத்துக் குறைந்தது என்றார். நூற்றாண்டு பத்தொன்பது கழிந்தும் இதனினுந் தெளிவாகச் சொன்னார் சிலரே.

இனி, அவர் கூறிய உபாயங்களை நோக்குவாம். கோவேறு கழுதையின் கருப்பையைத் தாயத்தாக அணிதல் முதலியவற்றைப் பொய்யென்று தள்ளினார். உள்ளுக்குண்ணும் மருந்துகள் வயிற்றைக் கெடுத்துத் தலைக்கனத்தை உண்டாக்குமென்று எச்சரித்தார். பழைய ஒலிவ எண்ணெய், தேன், மரப்பிசின் என்பவற்றைக் கம்பளி மயிரிலே தோய்த்து வைக்கச் சொன்னார். இவை ஓரளவு பொருந்தும். ஆயின், அவரே ஈயவெள்ளையையும் அப்பட்டியலிலே சேர்த்தார். கணவனைக் கூடியபின் எழுந்து முழங்காலை மடித்திருந்து தும்முதல் வேண்டுமென்றும் கூறினார். மாதவிலக்கு முடியும் நாட்களே கருத்தரித்தற்கு மிக ஏற்றன என்றெண்ணி, அந்நாட்களை விலக்குக என்றார். இதனைக் கைக்கொண்ட பெண், அபாயமில்லாத நாட்களை விலக்கி, அபாயமுள்ள நாட்களுக்கு அஞ்சாதிருந்தாள். கருமுட்டை வெளிப்படுங் காலம் அடுத்த மாதவிலக்குக்கு ஏறத்தாழ இரண்டு கிழமை முன்னதென்பதை ஜப்பானியராகிய ஒகினோவும் ஆஸ்திரியராகிய க்னவுஸும் 1920-களிலேயே நிலைநாட்டினர். அறிவும் அருளும் நிறைந்த ஒரு பெரிய வைத்தியரே உடம்பின் இயல்பறியாமையினால் இங்ஙனம் வழுவினாராயின், அயலவள் கொடுக்கும் மருந்தின் தன்மையைச் சொல்லவும் வேண்டுமோ!

பரதகண்டத்து நூல்களும் இவ்விஷயத்திலே மௌனஞ் சாதித்தில. பிருகதாரணியக உபநிடதத்தின் 6-ஆம் அத்தியாயத்து 4-ஆம் பிராமணத்திலே, மனைவி கருவுற வேண்டாமென்று விரும்புவானுக்கு ஒரு மந்திரமும், கருவுறல் வேண்டுமென்று விரும்புவானுக்கு அதனையடுத்து ஒரு மந்திரமுங் கூறப்பட்டன. மந்திரத்தின் பயனைப் பற்றி ஈண்டு யாம் வாதியேம். அவ்விருப்பம் இரண்டும் ஒருங்கே வைத்துச் சொல்லப்பட்டன என்பதும், முன்னது நிந்திக்கப்பட்டிலது என்பதுமே நாம் நோக்கற்பாலன. மனுநூல் மாதவிலக்கு முதலாக 16 இரவுகளை மகளிர்க்குரிய இருதுகாலம் என்று வரையறுத்தது. 28 நாட்களுக்கொருமுறை ஒழுங்காக விலக்கு வருவார்க்கு இவ்வரையறை, யவனருடைய கொள்கையினும் உண்மைக்கு அணித்தாயுள்ளது. ஒழுங்காக வாராதார்க்கோ அதுவும் நம்பத்தகாதது. 16-ஆம் நூற்றாண்டிலே பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் வைத்திய நூல் திப்பிலி, வாய்விடங்கம், வெங்காரம் என்னும் மூன்றன் சூரணத்தைப் பாலிலே கொள்ளும்படி கூறும். நூலிலே கூறப்பட்டமையாலேயே ஒரு மருந்து தீங்கற்றதாய்விடாது என்பதை மாத்திரம் ஈண்டு நினைவுறுத்துவாம்.

அராபிய வைத்தியருள் இபுனு சீனா (இறப்பு 1037) பிரசவத்தினால் உயிரிழப்பாள் என்று அஞ்சத்தக்க இளம்பெண் பொருட்டு வைத்தியன் கருவைத் தடுக்க வேண்டியவனாவான் என்று எழுதி அதற்குரிய முறைகளையுங் கூறினார். இஸ்லாமிய ஞானியாகிய அல் கஸ்ஸாலி (இறப்பு 1111), கணவன் கூட்டத்தின் இறுதியிலே விலகிக்கொள்ளுதலை ஆராய்ந்து, அது விலக்கப்பட்டதன்று என்றார். தோன்றிய ஒன்றை அழித்தலோடு அதனை ஒப்பிடலாகாது என்றார். மனைவியின் உயிரைக் காத்தலும், தாங்கொணாக் குடும்பச்சுமைக்கு அஞ்சுதலும் தக்க காரணங்களென ஏற்று, பெண்பிள்ளை பிறந்துவிடுமோ என்னும் அச்சத்தைத் தீய நோக்கமென விலக்கினார். மனைவியின் உடன்பாடின்றி அதனைச் செய்யலாகாதென்று இஸ்லாமியச் சட்டவறிஞர் பலர் விதித்தனர்.

இவ்விலகுதலே உலகெங்கும் மிகப் பரந்து வழங்கிய முறை. கிறிஸ்தவ வேதத்து ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்திலே, ஓனான் என்பவன் இறந்த தமையனுக்குச் சந்ததி உண்டாக்குங் கடமையை இவ்வாறு தவிர்த்தான் என்றும், அதனால் இறைவனால் தண்டிக்கப்பட்டான் என்றுஞ் சொல்லப்பட்டது. தண்டனை செயலுக்கோ, தமையன் குடிக்குச் செய்த வஞ்சனைக்கோ என்பதிலே அவர்களுள்ளேயே கருத்துவேறுபாடுண்டு. எமக்கு வேதபாடங் கற்பித்த உபாத்தியாயர் 37-ஆம் அதிகாரத்திலே யோசேப்பு விற்கப்பட்ட கதையைக் கூறி, 38-ஐ விடுத்து, 39-இலே அவன் எகிப்திலிருந்த கதையைத் தொடர்ந்தனர். விடுத்த அதிகாரத்தை அன்றிரவே விடுதியிலே வாசித்து முடித்தேம். பொருள் கேட்க ஒருவருமின்மையின் ஒருவருக்கொருவர் பிழைபடப் பொருள் சொல்லிக்கொண்டேம்.

இங்கிலாந்திலும் பிறவிடங்களிலும் பிள்ளைப்பேறு குறையுமுன்னரே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிமுதல் பிரான்சு தேசத்திலே அது குறையத் தொடங்கியது பெரும்பாலும் இம்முறையினாலேயே. 1564-இலே அச்சான பலோப்பியோ என்பாருடைய நூலிலே கூறப்பட்ட சணற்றுணி உறை, மேகநோயைத் தடுத்தற்காக எழுந்ததேயன்றிக் கருத்தடைக்காக எழுந்ததன்று. பின்னரே விலங்கின் சவ்வினாற் செய்த உறைகளும், 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலே இரப்பர் உறைகளும் தோன்றின.

ஆயின், மருந்து என்றும் உபாயம் என்றும் பெயர்பெறாமலே இவை யாவற்றினும் பெரும்பயன் செய்தன இரண்டு. ஒன்று, தாய்ப்பாலை நெடுங்காலம் ஊட்டுதல். குழந்தை அடிக்கடி பால் குடிக்குங்கால் தாயுடம்பிலே கருமுட்டை வெளிப்படுதல் தடைப்படும். பிறந்து 6 மாதத்தினுள், வேறுணவின்றித் தாய்ப்பாலே ஊட்டி, மாதவிலக்கும் மீளாதிருப்பாளாயின், அவள் கருவுறாதிருத்தல் நூற்றுக்கு 98 பங்கு உறுதியென 1988-இலே இத்தாலி நாட்டுப் பெல்லாஜியோவிலே கூடிய அறிஞர் துணிந்தனர். ஐரோப்பியப் பிரபுக்களின் மனைவியர் தம் மக்களைச் செவிலியரிடம் ஒப்பித்தமையால் ஆண்டுதோறும் கருவுற்றதும், பாலூட்டிய ஏழைச் செவிலியர் அங்ஙனம் கருவுறாமையும் இவ்வியல்பினாலேயே. மற்றொன்று, மணப்பருவத்தைத் தாழ்த்தல். மேற்கு ஐரோப்பாவிலே பல நூற்றாண்டுகளாக மகளிர் ஏறத்தாழ 25 வயதளவிலேயே மணம்புரிந்தனர் என்றும், மணவாதே இருந்தாரும் பலர் என்றும் ஜோன் ஹாஜ்னல் என்பார் 1965-இலே விளக்கிக்காட்டினர்.

இவையெல்லாந் தவறியவிடத்து நிகழ்ந்தது யாது? அதனைச் சொல்ல நாக் கூசும். சொல்லாதுவிடின் இவ்வரலாறு பொய்யாம். யவனரும் ரோமரும் வேண்டாத குழந்தையை வெளியிலே எறிந்தனர். ஜப்பானிலே 1603 முதல் 1868 வரை நிகழ்ந்த எடோ ஆட்சிக்காலத்திலே, பிறந்தவுடன் கொல்லுதலுக்கு ‘மபிகி’ என்று பெயர். செறிந்த நாற்றைப் பிடுங்கி ஐதாக்குதல் என்பது அச்சொல்லின் பொருள். உழவர் நாவிலே பயின்ற அவ்வினிய சொல்லுக்குள்ளே ஒரு கொலையை மறைத்துவைத்தனர். இந்தியாவிலே பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1870-இலே சட்டமியற்றப்பட்டது. அதன் பின் நூறாண்டு கடந்தும், 1992-இலே தமிழ்நாட்டு அரசு தொட்டிற்குழந்தைத் திட்டத்தைத் தொடங்கவேண்டியதாயிற்று. புளோரன்சு நகரத்து அநாதைச் சிசுசாலை முதற்குழந்தையை ஏற்றது 1445-இலே. பரிசு நகரத்துச் சிசுசாலையிலே தம் மக்கள் ஐவரையும் ஒருவர்பின் ஒருவராகக் கொண்டுபோய் விடுவித்தவர் யாவரென்று அறிவீர்களா? நாம் ஆசிரிய கலாசாலையிலே கல்வித் தத்துவத்திற்குத் தந்தையருள் ஒருவரென்று படித்த ரூசோவே. எமீல் என்னும் நூலிலே குழந்தையை வளர்க்கும் முறையை உலகுக்குக் கற்பித்த அவர், இதனைத் தாமே பின்னர் ஒப்புக்கொண்டு எழுதினர்.

தண்டனை இதனை நிறுத்தியதா எனின், இல்லை. பாப்பரசர் 5-ஆம் சிக்ஸ்துஸ் 1588-இலே கருவழித்தலையும் மலடாக்கும் மருந்து கொடுத்தலையும் கொலைக்கொப்பாகத் தண்டிக்கக் கட்டளையிட்டனர். மூன்றாண்டினுள், 1591-இலே, அவர்க்குப் பின்வந்த 14-ஆம் கிரகோரியார் அதனைப் பெரும்பாலுந் தளர்த்தினர். அறிவை அடைத்துவைத்தல் பயன் தந்ததா எனின், அதுவுமில்லை. 1823-இலே பிரான்சிஸ் பிளேஸ் என்பார் இங்கிலாந்துத் தொழிலாளர்க்குக் கருத்தடை முறைகளைக் கூறுந் துண்டுப்பிரசுரங்களைப் பரப்பினர். 1832-இலே அமெரிக்க வைத்தியராகிய சார்லஸ் நோல்டன் இவ்விஷயத்தைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதிச் சிறை புகுந்தனர். அந்நூலை லண்டனிலே மீண்டும் அச்சிட்டமைக்காக 1877-இலே சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட் அம்மையாரும் வழக்கு மன்றிலே நிறுத்தப்பட்டனர். தண்டனைத் தீர்ப்பு 1878-இலே சட்ட நுணுக்கத்தாற் தள்ளப்பட்டது; ஆயினும் அம்மையார் அவ்வாண்டிலே தம் மகளை வளர்க்கும் உரிமையை இழந்தனர். பிரமஞான சங்கத்திலே சேர்ந்தபின் அம்மையார் இக்கொள்கையைக் கைவிட்டனர் என்பதையும் உடன்கூறுதல் நேர்மை. அவர் கைவிட்டது கொள்கையை. வழக்கினாலே நாடெங்கும் பரந்த நூலை எவரும் மீளப்பெற்றிலர்.

இனி, அறவினாவுக்கு வருவாம்.

“பிறவி வினைவழி இறைவனால் அமைவது, அதனைத் தடுத்தல் இறைவன் செயலுக்கு மாறு” எனின், கூறுதும். நம் சித்தாந்தப்படி ஆன்மா அநாதி, தாய்தந்தையராற் படைக்கப்படுவதன்று. அவர் கொடுப்பது உடம்பு மாத்திரமே. கொடாதுவிடின் ஓர் ஆன்மாவை அழித்தாராகார். அங்ஙனமாயின், மணவாது வாழ்ந்த துறவியரெல்லாம் எண்ணிறந்த ஆன்மாக்களைக் கொன்றாராவர். அவ்வாறு சொல்வார் ஒருவருமிலர். ஆன்மா உடம்போடு கூடியபின் நிகழ்வதோ வேறு. மாணிக்கவாசக சுவாமிகள் போற்றித் திருவகவலிலே, கருவிலுற்ற உயிர் திங்கள்தோறும் எத்தனை இடையூறுக்குத் தப்புகின்றது என்பதை முறையே எண்ணிக் காட்டியருளினார். அதனை ஓதுவார் கருவழித்தலை இலேசாக எண்ணார். தாயின் உயிரே போமென்னும் நிலையிலே அவளைக் காக்குமாறு வைத்தியன் செய்வது விலக்கு. நம் நாட்டிலே 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் அதனைக் குற்றமாகக் கொண்டிலது. ஆகவே, தடுத்தலையும் அழித்தலையும் ஒன்றாக்கி இரண்டையும் பாவமென்பார், பாவத்தைக் குறைப்பாரல்லர். தடுக்கும் வழியை அடைத்தவிடத்தெல்லாம் அழிக்கும் வழி திறந்தது என்பதே மேற்காட்டிய வரலாறு.

“அடக்கமே சிறந்த வழி, மற்றவை வேண்டா” எனின், அடக்கம் சிறந்ததென்பது எமக்கும் உடன்பாடே. 1935-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே மார்கரெட் சாங்கர் அம்மையார் வார்தாவிலே காந்தியடிகளைக் கண்டு உரையாடியபொழுது, அடிகள் அடக்கத்தையே வற்புறுத்தினர். உடன், மனைவி கணவனை மறுக்கக் கற்றல் வேண்டுமென்றுங் கூறினர். நம்மவர் முன்னதை எடுத்தோதிப் பின்னதை மறந்தனர். அடக்கம் இருவரும் உடன்பட்டு நோற்கும் விரதம். ஒருவன் நோலாதவிடத்து மற்றவள் ஒருத்தியாக அதனைக் காத்தல் எங்ஙனம்? எம் மாணவனுடைய தாய்க்கு அடக்கத்தை உபதேசித்துப் பயன் யாது? மறுக்கும் உரிமை அவளுக்கிருந்ததா? முதலையெரு, ஈயவெள்ளை, குடிமருந்து, தும்மல் யாவும் பெண்ணுடம்பின்மேலேயே சுமத்தப்பட்டமை காண்க. பயன் இருவர்க்கும், ஆபத்து ஒருத்திக்கும் ஆயின், அதனை அறமென்று எந்நூல் கூறும்?

“அறிவு பரவின் ஒழுக்கங் கெடும்” எனின், இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. சொரானுசும் தகாத நோக்கத்தோடு வருவாரை விலக்கும் வைத்தியர் பக்கமே நின்றார். கத்தி கொலைக்கும் உதவும். ஆயினும், அறியாமை எத்தேசத்திலே ஒழுக்கத்தைக் காத்தது? சிசுசாலைகள் நிறைந்தது இவ்வறிவு மறைக்கப்பட்ட காலத்திலன்றோ? ஒழுக்கம் அறிவினாலே கெடுமாயின் அது முன்னரே உறுதியற்றிருந்த ஒழுக்கம். தீங்கின் தன்மையும், நலத்தின் தன்மையும், தன் துணைவர்க்குத் தான் செய்யுங் கடனும் அறிந்தானுடைய ஒழுக்கமே நிலைநிற்கும்.

1930-களிலே இலங்கையிலே ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2010 அளவிலே அத்தொகை 40-க்குங் குறைந்தது. மருத்துவிச்சியர் பயிற்சியும், வைத்தியசாலைகளும், மலேரியாத் தடுப்பும், பெண்கல்வியும், பேறுகளுக்கிடையே காலந்தாழ்த்தலும் கூடிச் செய்த பயன் அது. இவற்றுள் பெண்கல்வி நம் கையிலுள்ளது.

ஆசிரியர்காள், எம் வேதபாட உபாத்தியாயரை மேலே குறித்தது அவரைக் குறைகூறற்கன்று. யாமும் அவரைப்போலவே செய்தேம். சுகாதார பாடநூலிலே இனப்பெருக்க அத்தியாயம் வந்தபொழுது, “வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றேம், ஓராண்டன்று, பல்லாண்டு. அவ்வாண்டுகளிலே எம்மிடம் படித்த பெண்மக்கள் எத்துணைப்பேர், எவரிடத்து, எத்தகைய விடையைப் பெற்றனரோ, யாம் அறியேம். இன்று அவ்வத்தியாயத்தை நின்று கற்பிக்கின்றேம். முதல்முறை கைந்நடுங்கிற்று. மாணவர் நகைப்பர் என்று எண்ணினேம். அவர் நகைத்திலர், குனிந்து எழுதிக்கொண்டனர்.

அத்தாய் செய்தது சரியென்று யாம் கூறேம். உற்ற கருவை அழித்தல் பிழையே. ஆயின், அப்பிழையை நிறுத்துத் தூக்குவார், அவள் பெயரிலே மாத்திரம் அதனை எழுதலாகாது. மறுக்க விடாத கணவன், தெரியாத மருந்தைக் கொடுத்த அயலவள், நாணத்தினாலே வாய்திறவாத சுற்றம், தலையசைத்த ஆசிரியர் ஆகிய எல்லார் பெயரிலும் பங்கிட்டு எழுதல் வேண்டும். அப்பங்கிலே எம்முடையது எத்துணையென்று அச்சிறுவனின் மழித்த தலை நினைவுக்கு வருந்தோறும் எண்ணுகின்றேம். நம் வகுப்பறைகளிலே இருக்கும் பெண்மக்களும் ஆண்மக்களும் நாளை இல்லறத்திலே புகுவர். அவர்க்கு உண்மையை நாணமின்றி, தூய சொல்லாலே, தக்க பருவத்திலே சொல்லுதல் நம் கடன். அக்கடனைச் செய்யாது ஒழுக்கத்தை மாத்திரம் உபதேசித்தல் போதாது என்க.